வெப்பம் வாங்கி

கேமராவுக்குக் கூண்டு வாங்குவது செருப்பு வாங்குவது மாதிரிதான். அடுத்தவர் காலுக்குப் பொருந்தியது என்பதற்காக நாம் வாங்கிவிடக் கூடாது. நம்முடைய கேமராவைக் கையோடு கொண்டுபோய் உள்ளே உட்காரவைத்து, பேட்டரி மூடி திறக்கிறதா, கார்டு செருகும் இடம் மறைகிறதா, விரல் போய்ப் பொத்தானைத் தொடுகிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்க வேண்டும். நான் அப்படித்தான் வாங்கினேன். அந்த விஷயத்தில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, செயலாளர் சார். இருந்தாலும் நான் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கும் அம்மாவுக்காகச் சொல்கிறேன். கூண்டு என்பது கேமராவைச் சுற்றி மாட்டும் உலோகச் சட்டம். சட்டம் முழுக்கத் திருகுத் துளைகள் இருக்கும். மேலே ஒரு கைப்பிடி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, மைக், சின்னத் திரை என்று எதை வேண்டுமானாலும் அதில் முறுக்கி மாட்டிக்கொள்ளலாம். ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்தே வீடியோ எடுப்பவர்களுக்கு அது பெரிய வசதி.

மண்டபத்து மேடை எப்படி உடைந்தது என்று கேட்டீர்கள். வீடியோக்காரர் சங்கத்து உறுப்பினர் ஒருவர் வேலை நேரத்தில் மேடைக்குள் இறங்கிப் போனால் சங்கம் கேட்கத்தான் வேண்டும். சொல்கிறேன். நடுவில் எங்கேயாவது தொடங்கினால் என்னைக் கெட்டவள் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். பிரச்சினையே அதுதான். எதிரே இருப்பவர் சிரித்தால் இவரும் சிரிப்பார். வயிறு குலுங்கும், வயிற்றோடு கேமராவும் குலுங்கும். யாராவது பேசினால் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். மாப்பிள்ளையும் பெண்ணும் திரையில் மேலும் கீழும் போய்வருவார்கள். பாட்டுப் போட்டால் கால் தாளம் போடும். தெரிந்த முகம் கண்ணில் பட்டால் போச்சு, கேமராவை ஓடவிட்டபடியே குசலம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார். மோதிரம் மாற்றும் நேரத்தில் படத்தில் யாரோ ஒரு சித்தப்பாவின் காது மட்டும் தெரியும்.

அதையெல்லாம் வெட்டி ஒட்டிப் படமாக்குவது என் வேலை. வீட்டுப் பின்னறையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுவிட்டு, வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். நான் கப்பலில் போனதே இல்லை. ஆனால் கப்பலில் போகிறவர்களுக்கு என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்டாண்ட் போடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "ஸ்டாண்ட் போட்டா அதுவே எடுத்துடும். அப்புறம் நான் எதுக்கு?" என்றார். மோட்டார் வைத்த கைத்தாங்கி ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தேன். "யாரோ என் கையப் பிடிச்சு இழுக்கற மாதிரியே இருக்கும்மா" என்று ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையில் பிடித்து எடுப்பதுதான் உயிருள்ள படம் என்பது அவர் கட்சி. உயிர் இருந்தது, மறுக்கவில்லை. கொஞ்சம் அதிகமாகவே துள்ளியது.

அப்போதுதான் வரவேற்பு மண்டபத்து மேனேஜர் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். எங்களுக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அந்த மண்டபத்தில்தான்.

"போன தடவை எடுத்த படத்தைப் போட்டுப் பாத்துட்டு மாப்பிள்ளையோட மாமா வாந்தி எடுத்துட்டாராம்" என்றார். "புது சோஃபாவாம். எனக்கு ஃபோன் பண்ணித் திட்டறாங்க. உங்க வீட்டுக்காரர்னா எல்லாருக்கும் பிடிக்கும், அதனால சொல்றேன். என் பொண்ணு ரிசப்ஷன் வருது. அத ஆடாம எடுத்துக் குடுத்தார்னா இனிமே மண்டபத்து வேலை எல்லாமே உங்களுக்குத்தான். ஆடுச்சுன்னா எதிர்த் தெரு ஸ்டூடியோவுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் வருத்தப்படாதீங்க."

அந்த மண்டபம் போனால் எங்கள் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் எதிர்த் தெரு ஸ்டூடியோவில் போய் யாருக்காவது விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்பார். அங்கேயும் எல்லோரையும் சிரித்த முகத்தோடு விசாரிப்பார். நான் செய்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு நினைப்புதான் என்பதைத் தயவுசெய்து பெரிய எழுத்தில் அடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூண்டு வாங்க வேண்டும் என்று அவர்தான் ரொம்ப நாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். கூண்டு மாட்டிய கேமராவைப் பார்த்தாலே பெரிய ஆள் மாதிரி இருக்குமாம். சரி என்று இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இதுதாங்க இருக்கறதுலயே லேசு. கையில இருக்கறதே தெரியாது."

நான் தூக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கையில் இருப்பதே தெரியவில்லை. அதனால் கை தன் இஷ்டத்துக்கு ஆடியது. மூலையில் பழைய மாடல் ஒன்று தூசி படிந்து கிடந்தது. இரும்பு அலமாரியை உருக்கிச் செய்த மாதிரி கனம். கேமராவை அதற்குள் வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே கடைக்குள் ஒரு நடை நடந்தேன். படம் அப்படியே நின்றது.

"இதவிடக் கனமா இருக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கடைய வச்ச நாள்லேர்ந்து யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க" என்றார்.

அதையே வாங்கினோம். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கனமான பொருளைச் சின்ன நடுக்கம் அசைக்காது. தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். முதல் விழாவிலேயே வித்தியாசம் தெரிந்தது. கடல் கப்பல் குளத்துப் படகாகியிருந்தது. படகையும் கரையில் ஏற்றிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அது தப்பான ஆசை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

ஒவ்வொரு விழாவுக்கும் முன்னால் கேமராவைத் துடைத்து, லென்ஸ் சுத்தம் செய்து, திருகுகளை இறுக்கித் தருவது எப்போதுமே என் பொறுப்பு. அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பக்கவாட்டுக் கைப்பிடியின் உள்ளே கூடாக இருந்தது. ஒரு கூடு சும்மா கிடப்பானேன் என்று அதற்குள் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளைப் போட்டு அடைத்தேன். அடுத்த விழாவின் படம் இன்னும் நன்றாக வந்தது. அதன் பிறகு டயர் கடையில், சக்கரம் ஒரு பக்கமாக இழுக்காமல் இருக்க ஒட்டுவார்களே, அந்த ஈயத் துண்டுகள் மலிவாகக் கிடைப்பதைக் கண்டுபிடித்தேன். அவற்றை ஒரு கறுப்பு உலோகப் பெட்டிக்குள் அடுக்கி, கூண்டின் பின்பக்கம் திருகி மாட்டினேன். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டால் ஒரு அம்புக்குறி போட்டேன். அம்புக்குறி இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"இது என்னம்மா?" என்று கேட்டார்.

"வெப்பம் வாங்கி" என்றேன். அதுவரை அப்படி ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. "கேமரா சூடாகாம பாத்துக்கும்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த விழா முடிந்து வந்து, "இப்பல்லாம் கேமரா சூடே ஆகறதில்ல தெரியுமா" என்றார். அதற்கு முன்னாலும் சூடானதில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார், நான் ஒத்துக்கொண்டேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சங்கத்து ஆட்கள் சிலர் வீடு தேடி வந்து தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். நீங்கள்கூட அம்புக்குறி சிவப்பில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லி வாங்கிப்போனீர்கள். உங்கள் தோள் இப்போது எப்படி இருக்கிறது, சார்? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. மனித உடம்பு கெட்டிக்கார உடம்பு. கனம் பழகப் பழகக் கைக்கு வலு ஏறியது. வலு ஏறிய கை மறுபடியும் ஆடத் தொடங்கியது. மறுபடியும் சிரிக்கிறார், மறுபடியும் தலையாட்டுகிறார். நான் ஈயத்தைக் கூட்டினேன். அவர் சாப்பாட்டைக் கூட்டினார். சட்டைகள் தோளில் கிழிந்தன. கூண்டு ஒரு தையல் மிஷின் தலையின் கனத்துக்கு வந்துவிட்டது, அவரோ அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டில்தான் சங்கடம். கனத்துக்குப் பழகிய கைக்கு லேசான பொருளைத் தூக்கத் தெரியவில்லை. டம்ளரை எடுத்தால் நெற்றியில் இடித்துக்கொள்வார், தண்ணீர் முதுகுப் பக்கம் போய் விழும். குளியலறைக் கதவை ஒருநாள் கையோடு எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "துரு பிடிச்சிருக்கும் போல" என்றார். ஆமாம் என்றேன்.

அவருடைய அக்கா ஊரிலிருந்து வந்தபோதுதான் முதல்முறையாக நான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். என் நாத்தனாருக்குக் கண் கூர்மை.

"என்ன இவன் ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறான்? வலது தோள் இறங்கிப் போயிருக்கே."

"வேலை ஜாஸ்தி அண்ணி."

அண்ணி நேராகப் போய், மேஜை மேல் இருந்த கேமராவைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். மேஜைதான் அசைந்தது.

"ஏம்மா, இதுக்குள்ள என்னத்தப் போட்டு வச்சிருக்க?"

"அது வெப்பம் வாங்கி அண்ணி."

"வாங்கினதெல்லாம் உள்ளயே இருக்கா?" என்று கேட்டார். நான் காபி போடப் போய்விட்டேன்.

ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆள் ஒரு பக்கம் சாய்ந்தால் படமும் சாயும். எந்தத் தாங்கியிலும் ஒரு பக்கம் கனம் ஏறினால் மறுபக்கம் எதிர்க்கனம் வைப்பதுதானே முறை. அண்ணி ஊருக்குப் போன கையோடு, அவருடைய பெல்ட்டைப் பிரித்து இடது பக்கம் ஈயத்தை வைத்துத் தைத்தேன். இடுப்புவரை நேராகிவிட்டது. ஆனால் மேலே கனம், கீழே லேசு என்று இருந்தால் காற்றடித்தால் சாய்ந்துவிடும் அல்லவா? அதனால் ஷூவுக்குள்ளும் தகடு வைத்தேன். பாதத்துக்கு நல்லது, மருந்துத் தகடு என்று சொன்னேன். அவர் ஷூ போட்டுக்கொண்டு எழுந்து நின்று, "தரையில நல்லாப் பதிஞ்சு நிக்கற மாதிரி இருக்கு" என்றார். எனக்காக எப்போதும் நல்லதையே சொல்வார்.

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் நகரவில்லை. குசலம் விசாரிக்கப் போவதில்லை. தாளம் போடுவதில்லை. சிரிப்பதற்கு மூச்சு மிச்சம் இருந்தால்தானே. நான் எந்த இடத்தில் நிறுத்தினேனோ அந்த இடத்திலேயே பூந்தொட்டி மாதிரி நின்றார். அவர் எடுத்த படங்களை நீங்கள் பார்க்க வேண்டும், சார். கண்ணாடி மாதிரி இருக்கும். நான் பின்னறையில் உட்கார்ந்து, வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் ஒருமுறை அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் குறைச்சுக்கலாமாம்மா? கை ரொம்ப வலிக்குது" என்றார். இந்த மனிதர் வலிக்கிறது என்று சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை.

நான் மறுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூண்டில் இருந்த எல்லாவற்றையும் கழற்றி, மெத்தை மேல் வரிசையாக வைத்தேன். "எது வேணாம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கைப்பிடியைத் தடவினார். மைக்கைத் தொட்டு விட்டுவிட்டார். வெப்பம் வாங்கியிடம் வந்தபோது, "இது மட்டும் இருந்தே ஆகணும்" என்றார். "இது நீயே யோசிச்சு எனக்காகச் செஞ்சது." கடைசியில் லென்ஸ் மூடியைக் கட்டி வைத்திருந்த நூலை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, "இது போதும், இப்பவே லேசாயிடுச்சு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அறைக் கதவு திறந்திருந்தது. பின்னறைத் திரையில் அவர் அன்று எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் முகம், ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்தில் இறங்குகிறது. அந்தச் சொட்டைத் தவிர வேறு எதுவும் அசையவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் திருப்பி மாட்டினேன். நூலை மட்டும் விட்டுவிட்டேன். அவர் ஆசைப்பட்டதாயிற்றே.

மேனேஜர் அம்மா பெண்ணின் வரவேற்பு நாள் வந்தது. அன்று எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்று பெல்ட்டில் இன்னொரு வரிசை தைத்தேன். நான் மண்டபத்தின் பின்வரிசையில், கேமரா பார்ப்பதை அப்படியே காட்டும் திரையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் மரப்பலகை அடித்த மேடையில் ஏறி நடுவில் நின்றார். இருவர் காதிலும் பேசுவதற்கு ஒரு கருவி. சுற்றி நின்று வாழ்த்துச் சொல்ல உறவுக்காரர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

பாதியில் அவர் குரல் காதில் வந்தது. மெதுவாகத்தான் பேசினார். "இங்க கீழ ஏதோ முனகுதும்மா. ரெண்டடி தள்ளி நின்னுக்கட்டா?"

நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் இடம் இதுதான், சார். பலகையில் பழுது ஏதும் இல்லை. மண்டபத்துக்காரர்களைக் கேட்க வேண்டாம். கூண்டு செய்தவர்களையும் கேட்க வேண்டாம். கூண்டில் ஒரு கீறல்கூட இல்லை. திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் அவ்வளவு சரியாக, சட்டம் போட்ட படம் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். அவர் இரண்டடி நகர்ந்தால் அது போய்விடும்.

"ஃப்ரேம் நல்லா இருக்கு" என்றேன். "அசையாதீங்க."

அவர் அசையவில்லை. சொன்ன சொல் தட்டாத மனிதர். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. மண்டபமே எழுந்து அலறியது. நான் மேடையைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தேன். பெண்ணின் முகம், கழுத்து, பூங்கொத்து, உடுப்பின் விளிம்பு, செருப்பு என்று லிஃப்ட் இறங்குவது போல ஒரே சீராக இறங்கி, மேடைப் பலகையின் மட்டத்தில் வந்து நின்றது. கடைசிவரை ஒரு துளிகூட ஆடவில்லை. அலறலையெல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வயலின் போட்டேன். மேனேஜர் அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "விழும்போதுகூட ஆடலயே மனுஷன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டபத்து வேலை முழுக்க இப்போது எங்களுக்குத்தான்.

அவரை வெளியே எடுக்கத்தான் சிரமப்பட்டார்கள். இத்தனை பேர் சேர்ந்தும் ஒரு ஆளைத் தூக்க முடியவில்லையே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். மருத்துவமனையில் அவருடைய பெல்ட்டைக் கழற்றிய நர்ஸ், அதைத் தன் கால் மேலேயே போட்டுக்கொண்டு ஒரு வாரம் விடுப்பில் போய்விட்டார். அதற்கும் நானே பொறுப்பு. எழுதிக்கொள்ளுங்கள். ஈயம் வைத்தது நான், பெயர் வைத்தது நான், அசையாதீர்கள் என்று சொன்னதும் நான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கேமராவுக்கு ஒண்ணும் ஆகலியே?" ஒன்றும் ஆகவில்லை என்றேன். "நல்ல வேளை, நீ பாத்துப் பாத்து நல்ல கூண்டா வாங்கின" என்றார். நான் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்று நன்றாக அழுதேன்.

நான் திருந்திவிட்டேன், சார். இனிமேல் அவர் கையில் ஒரு குண்டுமணி கனம்கூடக் கொடுக்க மாட்டேன். இப்போது தோளிலிருந்து இடுப்புவரை ஒரே மாவுக்கட்டு. ஆறு வாரம் அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, காற்றாட இருக்கட்டுமே என்று மருத்துவமனை வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினேன். வழவழவென்று என்ன ஒரு ஓட்டம். மண்டபத்துத் தரையும் அதே கல்தான். திரும்பும்போது அவர் நெஞ்சுப் பக்கம் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தேன். பாறை மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை கட்டு மாற்றுகிறார்கள். மாவு ஈரமாக இருக்கும்போதே நெஞ்சுப் பக்கம், நடுவில், கேமரா மாட்டுகிற அளவில் ஒரே ஒரு நட்டைப் பதித்துவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். சங்கத்திலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது, ஒப்புக்கொண்டுவிட்டேன். வேறு எதற்காகவும் இல்லை, சார். பாவம், அவர் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டுமே என்றுதான்.